சுடர்விழி அக்காவின் தட்டு

சுடர்விழி அக்காவோடு எனக்கு ஒத்துப்போகாது. தஞ்சாவூரில் எங்கள் ஆராய்ச்சிக்கூடத்தின் உதவியாளர் அவர். நான் ஷமீரா, பட்டுக்கோட்டைக்காரி, பிஎச்.டி. மாணவி, முன்கோபி. அவர் திருப்பனந்தாள் பக்கத்துக் கிராமத்திலிருந்து பஸ் மாறி வந்து, சரியாக ஒன்பதரைக்கு நுண்ணோக்கி முன் உட்கார்ந்துவிடுவார். அப்பா அம்மா கூலிக்கு நாற்று நட்டவர்கள். அந்த வீட்டில் முதலில் பட்டம் வாங்கியவர் இவர். நான் ஒரு வேலை சொன்னால், "ஏன் மேடம்?" என்று கேட்காமல் கை அசையாது. எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

நாங்கள் வளர்த்தது அண்டார்டிகாவின் பனிப்பாலை மண்ணில் வாழும் நூற்புழுக்களை. அங்கே கோடைப் பகலில் பனி கொஞ்சம் உருகி மண் நனையும். பிறகு காய்ந்து உறைந்துபோகும். காயும்போது புழு உடம்பிலுள்ள நீரை விட்டுவிட்டுச் சுருண்டுகொள்ளும். மூச்சு இல்லை, அசைவு இல்லை. மறுபடி ஈரம் பட்டால் எழுந்து நெளியும். சுருண்டுவிட்டால் குளிரோ சூடோ அதை அவ்வளவாக அண்டாது. எங்கள் குளிர்பெட்டி அந்தப் பகலையும் இரவையும் தினமும் நடத்திக் காட்டிக்கொண்டிருந்தது. என் ஐந்து வருட உழைப்பு அதற்குள் இரண்டு தட்டு மண்ணில், தட்டுக்கு முந்நூறு புழுவாக இருந்தது.

கார்த்திகையில் புயல் அடித்தது. முந்தின நாள் வேலைக்கு வந்த அக்கா, பஸ் ஓடாததால் ஹாஸ்டலிலேயே தங்கிவிட்டார். மின்கம்பங்கள் சாய்ந்து கிடந்தன. கரண்ட் வர ஒரு வாரம் ஆகும் என்றார்கள். ஜெனரேட்டரில் மறுநாள் காலை வரைக்கும்தான் டீசல். ஊரில் ஐஸும் கிடைக்கவில்லை. ஈரத்தோடு நம் ஊர்ச் சூட்டில் மாட்டினால் ஒரு புழு மிஞ்சாது. அதற்குள் காயவைத்துச் சுருள வைத்தாக வேண்டும்.

இரண்டு தட்டுகளையும் ஃபேனுக்கு அடியில் வைக்கப் போனேன். அக்கா குறுக்கே வந்து நின்றார்.

"வேணாம் மேடம். சட்டுனு காஞ்சா சுருள நேரம் கெடைக்காது. நீட்டமாவே செத்துக் கெடக்கும்."

"டீசல் முன்னாடியே தீந்துட்டா என்னக்கா பண்ணுவீங்க?"

"மூணு வருசமா இந்தப் புழுவ எண்ணுறது நான். எப்புடிக் காஞ்சது பொழைக்குதுன்னு எனக்குத் தெரியும். ஒரு தட்டையாவது எங்கிட்ட விடுங்க."

"கெட்டுப்போச்சுன்னா நீங்கதான் பதில் சொல்லணும்!" என்று மற்ற மாணவர்கள் எல்லோர் முன்னாலும் கத்தினேன்.

ஒரு தட்டை அவரிடம் தள்ளினேன். என் தட்டு ஃபேனுக்கு அடியில் அரை மணியில் காய்ந்தது. அக்கா தன் தட்டைக் குளிர்பெட்டிக்குள்ளேயே வைத்து, மெல்லக் காயட்டும் என்று பக்கத்தில் ஈரப் பஞ்சு வைத்து மூடினார். மணிக்கொரு தடவை மூடியை நகத்தளவு நகர்த்தினார். சாப்பிடக்கூடப் போகவில்லை. ஜெனரேட்டர் சத்தம் மாறும்போதெல்லாம் ஓடிப்போய் டீசல் அளவைப் பார்த்துவிட்டு வந்தேன். மாலையாகியும் மண்ணில் ஈரம் தெரிந்தது. "போதும்க்கா, தொறந்துடுங்க" என்று கெஞ்சினேன். அவர் கடிகாரத்தைப் பார்த்தாரே தவிர, மூடியைத் தொடவில்லை. காலையில் டீசல் தீர்ந்து ஜெனரேட்டர் நின்றபோது மண் காய்ந்து பொடியாகி இருந்தது.

ஆறாம் நாள் கரண்ட் வந்தது. இரண்டு தட்டுக்கும் குளிர்ந்த நீரைச் சொட்டுச் சொட்டாக விட்டுக் காத்திருந்தோம். மறுநாள் காலை முதலில் என் தட்டைப் பார்த்தேன். முந்நூறு புழுக்களும் குச்சி குச்சியாக நீட்டிக் கிடந்தன. ஊசியால் தொட்டேன். ஒன்றுகூட நெளியவில்லை.

அக்காவின் தட்டைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. அவரே உட்கார்ந்தார். தட்டை ஓரம் ஓரமாக நகர்த்திப் பார்த்துக்கொண்டே இருந்தார். எல்லாம் போயிற்று என்றே நினைத்தேன். பிறகு அவர் இடது கை எண்ணும் கருவியைத் தேடியது. டக். இன்னொரு டக். அப்புறம் அது நிற்கவே இல்லை.

"வாங்க மேடம், வந்து பாருங்க."

குனிந்து பார்த்தேன். நெளிந்துகொண்டிருந்தன. என்னால் எண்ண முடியவில்லை. கண்ணீர் மூக்கு நுனிவரை வழிந்துவிட்டது. "மன்னிச்சுக்குங்கக்கா" என்றேன்.

அவர் சட்டென்று தட்டை என் முகத்துக்கு அடியிலிருந்து இழுத்துக்கொண்டார்.

"அழுவுறதா இருந்தா தள்ளி நின்னு அழுவுங்க மேடம். உப்புத் தண்ணி அதுங்களுக்கு ஆவாது."