வெள்ளையடித்த அடுப்பு

நான் மூன்றாம் வகுப்பு படித்தபோது எங்கள் வீட்டுக்கு வரவிருந்த ரேஷன் கார்டு கைநழுவப் பார்த்தது. அதற்கு முழுக் காரணமும் நான்தான். எல்லாம் என் சுத்தபத்தத்தால் வந்த வினை.

விருத்தாசலத்தில், ஸ்டேஷனுக்குப் பின்னால் ஒற்றை அறையில் அம்மாவும் நானும் இருந்தோம். அம்மா செராமிக் கம்பெனியில் பொம்மைக்கு வர்ணம் பூசுகிறாள் என்று எனக்குச் சொல்லியிருந்தார்கள். நானும் அதை வகுப்பு முழுக்கச் சொல்லிப் பெருமையடித்தேன். வேப்பூர் ஹைவேயில் அவள் பாலியல் தொழில் செய்தாள் என்பது எனக்குப் பதினாறு வயதில்தான் தெரிந்தது.

கார்டுக்கு அம்மா இரண்டு தடவை எழுதிப்போட்டாள், இரண்டும் திரும்பி வந்தன. புருஷன் பெயர் எங்கே என்று ஒரு தடவை. அங்கே அடுப்பே எரிவதில்லை, அது குடும்பமே இல்லை என்று, அறையை வாடகைக்கு விட்ட வீட்டுக்காரர் சொல்லிவிட்டதால் இன்னொரு தடவை. கார்டு இல்லாவிட்டால் அரிசி மட்டுமா இல்லை? போலீஸ் பிடித்து எந்த ஊர் என்று கேட்டால் காட்ட அம்மாவிடம் ஒரு காகிதம்கூடக் கிடையாது.

அப்போதுதான் பெண்கள் சங்கத்திலிருந்து ஒரு அத்தை வந்தார். அம்மாவைப் போன்ற பெண்களைத் தேடிப்போய்ப் பேசி, பெரியாஸ்பத்திரிக்குப் பரிசோதனைக்கு அழைத்துப்போவது அரசாங்கத் திட்டத்தில் அவருக்கு வேலை. அவரும் முன்பு அதே தொழிலில் இருந்தவர். நான் அவரை நர்ஸ் என்று நினைத்து, ஊசிக்குப் பயந்து நல்ல பிள்ளையாக நடந்துகொள்வேன். ஆஸ்பத்திரியோடு அவர் விடவில்லை. ஒரு திங்கட்கிழமை கடலூருக்கு பஸ் ஏற்றி, அம்மாவையும் இன்னும் சிலரையும் மனுவோடு கலெக்டர் முன்னால் நிறுத்தினார். தனியாக இருக்கும் பெண் தன் பெயரிலேயே கார்டு வாங்கலாம், வீட்டை நேரில் பார்த்து முடிவு செய்யுங்கள் என்று தாலுகா ஆபீஸுக்குக் கலெக்டர் மனுவிலேயே எழுதிக் கொடுத்தார்.

தாலுகா ஆபீஸ்காரர் வரும் நாளன்று அம்மா என்னை ஸ்கூலுக்கு அனுப்பவில்லை. குடும்பம் என்றால் பிள்ளை கண்ணில் பட வேண்டுமே. அவர்கள் முக்கியமாகப் பார்ப்பது அடுப்பைத்தான் என்று அத்தை சொன்னது என் காதிலும் விழுந்திருந்தது. அம்மா தண்ணீர் பிடிக்கப் போன நேரத்தில் காரியத்தில் இறங்கினேன். செராமிக் கம்பெனிகள் வெளியே கொட்டும் வெள்ளை மண்ணை எங்கள் தெருவில் கோலத்துக்கும் பாத்திரம் தேய்க்கவும் எடுப்போம். அதைக் குழைத்து, கரி பிடித்த அடுப்புக்கும் பின்சுவருக்கும் இரண்டு பூச்சுப் பூசினேன். சாம்பலை அள்ளி வெளியே கொட்டினேன். பானையையும் விடவில்லை. அடுப்பு அன்றைக்குத்தான் கடையிலிருந்து வந்திறங்கியதுபோல் இருந்தது.

அம்மா குடத்தோடு உள்ளே வந்தாள். பின்னாலேயே அத்தையும் ஆபீஸ்காரரும் வந்துவிட்டார்கள்.

அவர் குனிந்து பார்த்தார். "இதுல ஒரு நாளும் சமைச்ச மாதிரி தெரியலியேம்மா" என்று சொல்லிப் பேனாவை மூடினார்.

அம்மா குடத்தை இடுப்பிலிருந்து இறக்காமலே அடுப்பைப் பார்த்தாள். நான்தான் பூசினேன் என்று சொல்லப்போய் அழுதுவிட்டேன்.

அத்தை மட்டும் அசரவில்லை. "வெயில்ல வந்துருக்கீங்க சார். ஒரு டீ குடிச்சிட்டு எழுதுங்க" என்றார்.

அம்மா விறகை மூட்டினாள். தீ ஏற ஏற என் வெள்ளைப் பூச்சு வெடித்துப் பொருக்குப் பொருக்காக உதிர்ந்தது. உள்ளேயிருந்து பழைய கரி வெளியே வந்தது, வருஷக்கணக்கில் எங்களுக்குச் சோறு பொங்கிய கரி. ஆபீஸ்காரர் அதைப் பார்த்தார். என் முழங்கை வரை அப்பியிருந்த வெள்ளையைப் பார்த்துச் சிரித்துவிட்டார். டீயைக் கடைசிச் சொட்டு வரை குடித்தார். வீட்டுக்காரர் குடும்பம் எங்களிடம் பச்சைத் தண்ணீர்கூட வாங்கிக் குடித்ததில்லை. பிறகு பேனாவைத் திறந்து, குடும்பத் தலைவர் என்ற இடத்தில் அம்மாவின் பெயரை எழுதிக்கொண்டு போனார்.

அவர் தெருமுனை தாண்டியதும் அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்தாள். என்னை இழுத்து மடியில் போட்டுக்கொண்டு அழுதாள், சிரித்தாள், வெள்ளை மண் ஒட்டிய என் கையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

எனக்கோ கோபம். அம்மா என்ன வேலை செய்கிறாள் என்று அவர் கேட்பார், செராமிக் கம்பெனி என்று கணீரென்று சொல்ல வேண்டும் என்று காலையிலிருந்து தயாராக இருந்தேன். அதை அவர் கேட்கவே இல்லையே என்று அம்மாவிடம் முறையிட்டேன்.

"ஆமாண்டி, கேக்கவே இல்ல" என்றாள் அம்மா. அதில் அவ்வளவு சந்தோஷப்பட என்ன இருக்கிறது என்று எனக்கு விளங்கவில்லை.