நாலா, ஒன்பதா?

போன புதன்கிழமை நாமக்கல்லில் ஒரு டாக்டரம்மாவின் அறை. என் வீட்டுக்காரர் கேட்ட முதல் கேள்வியிலேயே எனக்கு மானம் போய்விட்டது.

"ஏனுங்க டாக்டர், நேத்து கரண்ட் போச்சே... இந்த மருந்து சில்லுன்னேதான் இருந்துச்சுங்களா?"

முட்டைக்கோழிப் பண்ணைக்காரர். ஆயிரக்கணக்கான கோழிகளுக்குத் தடுப்பு மருந்து கொடுக்கிறவர் வேறு எதைக் கேட்பார்?

விஷயம் என் மகள் யாழினி. கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் வராமல் தடுக்கும் ஹெச்.பி.வி. ஊசி அவளுக்குப் போட வேண்டும். என் சின்னம்மா அந்த நோயில்தான் போனார். கடைசி இரண்டு மாதம் ஆஸ்பத்திரியில் கூடவே இருந்தவள் நான். அதனால் 'போடலாமா' என்ற கேள்வியே எனக்கு இல்லை. 'எதைப் போடுவது?' — அங்கேதான் மாட்டிக்கொண்டேன்.

ஒரு ஊசி நாலு வகை வைரஸைத் தடுக்குமாம். இன்னொன்று ஒன்பது வகையை. நாலு நம் நாட்டுச் சரக்கு, ஒன்பது வெளிநாடு. நெட்டில் தேடினேன். ஒன்பதுதான் உசத்தி என்றது ஒரு பக்கம். நாலே தாராளம் என்றது இன்னொரு பக்கம். படிக்கப் படிக்க, முன்பு இருந்த கொஞ்சநஞ்சத் தெளிவும் போனது!

போதாததற்கு என் நங்கை... அதாவது வீட்டுக்காரரின் அக்கா. "பதினாலு வயசுப் புள்ளைக்கு எதுக்கும்மா இதெல்லாம்? கண்ணாலம் நிச்சயமாகட்டும், அப்பறம் போட்டுக்கலாம்!"

இப்படியே எட்டு மாதம் ஓடியது. யாழினிக்குப் பதினைந்து முடிய... மன்னிக்கவும், பதினைந்து பிறக்கப் பத்தே நாள். பாருங்கள், கணக்குகூடக் குழம்புகிறது.

பண்ணையில் இவருக்கு இந்தத் தொல்லையே கிடையாது. ஷெட் வாசலில் ஒரு கரும்பலகை. எந்த பேட்ச் கோழிக்கு என்றைக்கு எந்த மருந்து என்று எழுதியிருக்கும். புது மருந்து வந்தால் நோட்டீஸெல்லாம் படிக்க மாட்டார். பக்கத்துப் பண்ணைக்கு ஒரு போன்: "மாமா, உங்க கோழிக்கு எதைப் போட்டீங்க?" பதில் வந்தால் அதோடு முடிந்தது.

டாக்டரம்மாவிடமும் அதையேதான் கேட்டார்.

"நாலுங்களா, ஒம்பதுங்களான்னு ஒரே கொழப்பமுங்க. உங்க ஊட்டுப் புள்ளைக்கு எதைப் போட்டீங்க?"

டாக்டரம்மா பேனாவை மூடி வைத்தார்.

"இன்னும் போடலீங்க."

"ஏனுங்க?"

"நானும் உங்களாட்டத்தானுங்க. ஒம்பது போடலாம்னு நினைச்சேன், அப்புறம் நாலே போதும்னு தோணுச்சு. யோசிச்சுட்டே இருந்ததில அவளுக்குப் பதினஞ்சு தாண்டிருச்சு. அதுக்குள்ள ஆரம்பிச்சிருந்தா ரெண்டு ஊசியோட போச்சு. இப்ப மூணு போடணும்."

டாக்டரம்மா மறுபடி பேனாவைத் திறந்தார்.

"இந்தப் புற்றுநோயை அதிகமா உண்டாக்கறது ரெண்டு வகை வைரஸ்ங்க. நாலும் தடுக்குது, ஒம்பதும் தடுக்குது. எதுன்னாலும் சரி, இன்னைக்குப் போட்டுட்டுப் போங்க. சாயங்காலம் நானும் எம்பொண்ணைக் கூட்டிட்டு வந்து போட்டர்றேன்."

சிரிப்பதா, தலையில் அடித்துக்கொள்வதா? மருந்தைப் படித்தவருக்கே இந்தக் கதி!

ஃப்ரிட்ஜில் அப்போது இருந்தது நாலு வகை ஊசிதான். போட்டாயிற்று. "அவ்வளவுதானா?" என்றாள் யாழினி, தோளைத் தேய்த்துக்கொண்டே. இதற்குத்தானா எட்டு மாதம்? என் மேலேயே எனக்குக் கோபம் வந்தது.

ஒன்பதாகவே போட்டிருக்கலாமோ? இதை எழுதும்போதுகூடத் தோன்றுகிறது... என்ன செய்ய, குழப்பத்துக்கு மட்டும் ஊசி இல்லை.

மறுநாள் பண்ணைக்குப் போனோம். கரும்பலகையில் மூன்றாம் ஷெட் கோழிகளுக்குக் கீழே, சாக்பீஸில் புதிதாக ஒரு வரி. 'யாழினி — ரெண்டாவது ஊசி.' பக்கத்தில், ஆறு மாதம் கழித்து ஒரு தேதி.

"அப்பா! என்னையும் கோழியோட சேர்த்துட்டீங்களா?" என்று கத்தினாள் மகள்.

கத்தட்டும். அந்தப் பலகையில் ஏறிய தேதி இதுவரை ஒருநாள்கூடத் தள்ளிப்போனதில்லை.