கொடைக்குக் கேட்டு வாங்கிய பிரேக்

எங்கள் கம்பெனியின் இருபத்தைந்து வருடக் கதையைப் புத்தகமாகப் போட்டிருக்கிறார்கள். வழவழ தாள், நல்ல கனம். அதில் பாதி நான் சொன்னது. என் பெயர் ஓரிடத்திலும் இல்லை.

ஒரகடத்தில் பாக்ஸ் ஃபைல் செய்கிற கம்பெனி எங்களுடையது. ஆபீஸ் அலமாரிகளில் வரிசையாக நிற்குமே, உள்ளே இரும்பு கிளிப் வைத்த தடித்த ஃபைல், அதுதான். கோயம்புத்தூரில் மூடிப்போன ஒரு பட்டறையிலிருந்து லாரியில் வந்து இறங்கியது முதல் ரிவெட் மிஷின். பெடலை மிதித்தால் கிளிப்பை அட்டையோடு சேர்த்து அடிக்கும். ஆனால் சும்மா மிதித்தால் அசையாது. புறங்காலால் பெடலை ஒரு தூக்குத் தூக்கிவிட்டு மிதிக்க வேண்டும். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து ஹாஸ்டலில் பெட்டியை வைத்த மறுநாளே அதில் உட்கார்ந்தவள் நான்.

நாங்கள் கான்ட்ராக்ட் ஆட்கள். பதினோரு மாதத்துக்கு ஒருமுறை எங்களுக்கு ‘பிரேக்’ உண்டு. கார்டை வாங்கிக்கொண்டு அனுப்பிவிடுவார்கள். பதினைந்து நாள் கழித்து வந்தால் புது நம்பரில் புது கார்டு. இதை லீவு என்று நினைத்தோம், மடச்சிகள். நினைத்தது மட்டுமா? ஊரில் அம்மன் கொடைக்கு, அதாவது கோவில் திருவிழாவுக்கு, தோதாக பிரேக் வேண்டும் என்று சூப்பர்வைசரிடம் கெஞ்சி, அவர் நீட்டிய தாளில் எழுதியும் கொடுத்தோம்.

“இன்னாம்மா, இந்த வருசமும் கொடையா? ஜாலியா போய்ட்டு வா” என்பார் அவர்.

திரும்பும்போது அவருக்கு அல்வா வாங்கி வருவேன். அந்த அல்வாவை நினைத்தால் இன்றும் வயிறு எரிகிறது.

வெள்ளி விழாவுக்கு ஒரு மாதம் முன்பு, எச்.ஆர். ஆபீசர் பழைய போட்டோக்களோடு என்னைத் தேடி வந்தார். “பழைய கத தெரிஞ்சவங்க வேற யாருமே இல்லக்கா. நீங்கதான் சொல்லணும்” என்றார். மூன்று நாள் கேன்டீனில் உட்கார்ந்து சொன்னேன். கூரை ஒழுகிய முதல் ஷெட், வெள்ளம் புகுந்த வருடம் சாப்பாட்டு மேஜைகளில் அட்டைகளை ஏற்றிக் காப்பாற்றியது, எல்லாம் சொன்னேன். சொல்லச் சொல்லப் பெருமையாகத்தான் இருந்தது.

பத்து வருடம் முடித்த கான்ட்ராக்ட் ஆட்களை விழா மேடையில் பெர்மனென்ட் ஆக்கப் போகிறார்கள் என்று அப்போதுதான் நோட்டீஸ் ஒட்டினார்கள். எனக்கு இல்லாமல் யாருக்கு? ஓடிப்போய் அவரிடமே கேட்டேன். உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வந்தவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

“ரெக்கார்ட்ல நீங்க சேர்ந்து பத்து மாசம்தான் ஆவுதுக்கா.”

“அப்போ மூணு நாளா ஒங்ககிட்ட கதை சொன்னது யாரு சார்?”

அவர் ஒரு ஃபைலைத் திறந்து காட்டினார். எங்கள் லைனில் செய்த ஃபைல்தான். உள்ளே என் தாள்கள், வருடத்துக்கு ஒன்று. ‘சொந்த விருப்பத்தில் வேலையை விட்டு விலகுகிறேன்’ என்று அச்சடித்திருந்தது. அதன் கீழே காரணம் என்ற இடத்தில், என் கையெழுத்தில், ‘கோவில் கொடை.’ ஒவ்வொரு தாளிலும் அதுவேதான். அச்சடித்திருந்ததை ஒரு தடவையாவது வாசித்திருக்கிறேனா? இல்லை. அவர்கள் மேல் எவ்வளவு கோபமோ அவ்வளவு என் மேலும் இருக்கிறது.

பத்து மாதம் பதினொன்றானது. விழா என் பிரேக்கில் விழுந்தது. இந்த முறை நான் ஊருக்குப் போகவில்லை. ஸ்ரீபெரும்புதூரில் வாடகை அறையில் கதவைச் சாத்திக்கொண்டு கிடந்தேன். பதினோரு மணி வாக்கில் போன் அடித்தது. எச்.ஆர். ஆபீசர். பின்னால் மேளச் சத்தம்.

“அக்கா, சீஃப் கெஸ்ட் அந்த மொத மிஷின மிதிக்கிறாரு, அடிக்கவே மாட்டேங்குது. எல்லாரும் பாத்துக்கினு கீறாங்க. இன்னா பண்றது?”

போனை வைத்திருக்கலாம். வைத்திருக்க வேண்டும்.

“பெடல மொதல்ல புறங்காலால தூக்கச் சொல்லுங்க சார்” என்றேன்.

டக்கென்று ரிவெட் இறங்கியது கேட்டது. உடனே கைதட்டல். அவர் போனை அணைக்க மறந்துவிட்டார். கைதட்டல் ஓயும்வரை நானும் காதிலிருந்து எடுக்கவில்லை.