வீட்டு ஆட்டுக்கு முத்திரை இல்லை

என் வீட்டுக்காரர் ரங்கூன் ஆட்டுத்தொட்டியில் முத்திரை போடுகிற வேலை பார்த்தார். அறுத்துத் தொங்கவிட்ட ஆட்டை அதிகாரி சோதித்துத் தலையாட்டினால், இவர் அதன் தொடையில் நீல மை முத்திரையை அழுத்துவார். வேண்டாம் என்று சொல்லிவிட்டால், மண்ணெண்ணெய் ஊற்றிப் புதைப்பதும் இவர்தான். நாங்கள் குடியிருந்த இன்சீனிலிருந்து காலை ரயிலில் போய்ச் சாயங்காலம் திரும்புவார். குளிக்காமல் அடுப்பங்கரைப் பக்கம் வந்தால் நான் சும்மா விடமாட்டேன்.

விற்கிற கறிக்குத்தான் அந்தச் சோதனையெல்லாம். வீட்டில் வளர்த்து வீட்டோடு தின்கிற ஆட்டைக் கொல்லையிலேயே அறுத்துக்கொள்ளலாம், ஒரு துண்டும் விலைக்குப் போகக்கூடாது, அவ்வளவுதான் விதி. இதை எனக்குச் சொன்னவரே அவர்தான். பின்னால் அதையே அவர்மேல் திருப்பினேன்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளின் நடுவில் ஒரு மழைக்காலத்தில் எங்கள் மகளுக்குக் காய்ச்சல் வந்தது. ஆறு வயது. வாரக்கணக்கில் விடவில்லை. வைத்தியர் கையை விரித்துவிட்டார். நான் முனீஸ்வரனிடம் போய் விழுந்தேன். பிள்ளை பிழைத்தால் ஒரு கிடா, அதன் ஈரலைச் சுட்டு அவள் வாயில்தான் முதலில் வைப்பேன் என்று வாக்குக் கொடுத்தேன். பிழைத்தாள். ஆற்றுக்கு அக்கரையில் இருக்கிற சிரியத்திலிருந்து படகில் வந்த ஒரு கறுப்புக் குட்டியை வாங்கிக் கொல்லையில் கட்டினேன்.

கட்டிய அன்றே அவரிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன்.

"இது சாமிக்கு விட்டது. தொட்டியில பாக்குற கண்ணால இதப் பாக்காதீங்க. குத்தம் குறை தேடினா எனக்குக் கெட்ட கோவம் வரும்."

"எனக்கென்ன வந்துச்சு. வீட்டுலயாவது ஆட்டைப் பாக்காம இருக்கேனே" என்று சிரித்தார். சொன்னபடியே இருந்தார். கொல்லைக்குப் போனாலும் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டுதான் போவார்.

வளர்த்தது முழுக்க நான்தான். ரயில் பாதையோரப் பள்ளத்தில் தண்ணீரை ஒட்டி இளம்பச்சையாகப் புல் வளரும். முழங்கால் அளவு சேற்றில் நின்று அதைத்தான் அறுத்து வருவேன். கிடாவுக்குத் தாடைக்குக் கீழே பை போலத் தொங்க ஆரம்பித்தது. கொழுப்பு என்று நினைத்துக்கொண்டேன். பக்கத்து வீட்டுப் பர்மாக்காரி அதைத் தொட்டுப் பார்த்து "கௌண்டே" என்றாள். நன்றாக இருக்கிறது என்று ஒருத்தி சொல்லிவிட்டாள் அல்லவா, எனக்குத் தலைகால் புரியவில்லை.

அடுத்த வருஷ மழைக்காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் பூசை போட்டோம். கிடாவின் தலையில் மஞ்சள் தண்ணீரை ஊற்றினால் அது உடம்பைச் சிலிர்த்து உதற வேண்டும். உதறினால்தான் சாமி ஒத்துக்கொண்டது என்று அர்த்தம். முதல் செம்புத் தண்ணீரிலேயே உதறியது. எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. எங்கள் வரிசை வீடுகளான லைனில் குடியிருந்த ஒருவர் அறுத்து, உரித்து, ஈரலை வாழையிலையில் வைத்து என் கையில் கொடுத்தார். மகள் பக்கத்திலேயே நின்றாள்.

அதுவரை தள்ளியே இருந்த என் வீட்டுக்காரர் இலையைப் பார்த்தார். பிறகு கத்தியை வாங்கி ஈரலை ஓர் ஓரமாகக் கீறினார். உள்ளே குழாய்களில் பூசணி விதை மாதிரி தட்டையான புழுக்கள்.

"இதைக் குடுக்காதே" என்றார்.

"சாமி ஒத்துக்கிட்ட கிடா. வேண்டாம்னு சொல்ல நீங்க யாரு?"

"கிடாவ வேண்டாங்கல. கறி நல்லாத்தான் இருக்கு, வேகவச்சுத் திங்கலாம். ஈரல் மட்டும் புள்ளைக்கு வேண்டாம்."

"வீட்டு ஆட்டுக்குச் சோதனை கிடையாதுன்னு சொன்னது யாரு?"

"யாரும் வந்து கேக்க மாட்டாங்க. ஆனா நான் பாத்துட்டேனே." கத்தி முனையால் ஒரு புழுவைத் தொட்டுக் காட்டினார். "இந்தப் புழு ரத்தத்தக் குடிச்சுடும். ஆடு உசுரோட இருக்கறப்ப கண்ணு இமைய இழுத்துப் பாத்திருந்தாத் தெரிஞ்சிருக்கும். உள்ள செகப்பா இல்லாம வெளுத்துக் கெடக்கும். தாடை வீங்கறதும் அதுலதான். நீ என்னப் பாக்க விடல."

நான் பெருமைப்பட்ட தாடை. லைன் ஜனம் முன்னால் அவர் அதைச் சொன்னதை என்னால் பொறுக்க முடியவில்லை. அதைவிடப் பெரிய பயம் வேறு. வாக்குத் தவறினால் காய்ச்சல் திரும்பி வரும் என்று நான் நம்பினேன். நிச்சயமாக நம்பினேன்.

மண்ணெண்ணெய்ப் புட்டியை எடுக்க அவர் உள்ளே போன நேரத்தில் ஈரலின் ஓரத்தில் விரலளவு ஒரு துண்டை அறுத்து முந்தானையில் முடிந்துகொண்டேன். அவர் வந்து, மீதியில் எண்ணெயை ஊற்றிக் கொல்லை மூலையில் குழி தோண்டிப் புதைத்தார்.

எல்லாரும் சாப்பிட உட்கார்ந்தபோது நான் அடுப்பங்கரையில் அந்தத் துண்டைத் தணலில் சுட்டேன். மகளைக் கூப்பிட்டேன். ஓடி வந்து வாயைத் திறந்தாள். என் கை போகவில்லை. அவர் சொன்னதில் எனக்கு அவ்வளவு நம்பிக்கை இருந்தது என்பது அந்த நிமிஷம்தான் எனக்கே தெரிந்தது. அவளுக்கு ஒரு துண்டு வெல்லத்தைக் கொடுத்து அனுப்பிவிட்டு, ஈரலை நானே தின்றேன். அவளைச் சுமந்த வயிறுதானே, இதை அவள் தின்றதாக வைத்துக்கொள் என்று முனீஸ்வரனிடம் சொன்னேன். கசந்தது.

யாரிடமும் சொல்லவில்லை. அவரோடு பேசவும் இல்லை. மறுநாள் காலை வேலைக்குக் கிளம்பும்போது என் எதிரில் வந்து நின்றார்.

"கண்ணக் காட்டு."

"தூசி ஒண்ணும் விழல."

கட்டை விரலால் என் கீழிமையை இழுத்துப் பார்த்தார். விட்டுவிட்டுப் போய்விட்டார். தினமும் எத்தனையோ ஈரலைப் பார்க்கிறவர். புதைக்கும்போதே ஓரம் குறைந்திருந்தது அவருக்குத் தெரிந்திருக்கிறது. அம்மா வெல்லம்தான் கொடுத்தாள் என்று மகளும் சொல்லியிருப்பாள். திட்டுவார் என்று காத்திருந்தேன். அடுத்த நாளும் இமையைத்தான் இழுத்தார், அதற்கு அடுத்த நாளும். என்னை ஆடாக்கிவிட்டாரே என்று எனக்கு எரிச்சலாக வந்தது. முகத்தை உர்ரென்று வைத்துக்கொண்டேதான் காட்டுவேன். மழை முடிந்து பனிக்காலமும் வந்துவிட்டது. மகளுக்குக் காய்ச்சல் திரும்பவில்லை. அவர் பார்ப்பதையும் விடவில்லை.

ஒருநாள் அவருக்கு நேரமாகிவிட்டது. ரயில் ஊதும் சத்தம் கேட்டுச் சோற்றுப் பாத்திரத்தோடு ஓடினார். தெருமுனைவரை போனவர் திரும்பி ஓடி வந்தார். எதையோ மறந்துவிட்டார் என்று நினைத்தேன். மூச்சிரைக்க என் இமையை இழுத்து, வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்த்தார்.

"செகப்பா இருக்கா?" என்று கேட்டேன். அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு நானாக அவரிடம் பேசிய முதல் பேச்சு அதுதான்.

"இருக்கு" என்றார்.

அதற்குள் ரயில் போய்விட்டது.