தவளைக்கு ஏது வால்

சிங்கப்பூரில், ஈசூன் பக்கம் ஒரு பள்ளியில் நான் துப்புரவு வேலை பார்த்தபோது அங்கிருந்த ஓர் அறிவியல் ஆசிரியரைத் தெரியும். மடிப்புக் கலையாத சட்டை. பேசும்போது எதிரில் நிற்பவரைப் பார்க்க மாட்டார், கைப்பேசித் திரையில் தன் தலைமுடியைத்தான் பார்ப்பார்.

ஒருநாள் அவர் முழங்கை பட்டு, கண்ணாடிப் பெட்டியிலிருந்த தவளை எலும்புக்கூடு விழுந்து சிதறியது. அவரே பசை போட்டு ஒட்டினார். கடைசியில் குச்சி மாதிரி நீளமாக ஒரு எலும்பு மிஞ்சிவிட்டது. குப்பையில் போட்டார்.

தினமும் அந்த எலும்புக்கூட்டைத் தூசி தட்டுகிறவள் நான். அரைகுறைத் தவளையைப் பார்த்துப் பிள்ளைகள் படிக்குமே என்று மனசு கேட்கவில்லை.

"சார், அது வால் பக்கத்து எலும்பு. இடுப்பெலும்பு ரெண்டுக்கும் நடுவுல இருந்துச்சு."

"தவளைக்கு ஏது வால்? நீங்க கூட்டுற வேலையப் பாருங்க லா, ஆன்டி."

எலும்பை எடுத்துக் கழுவி அவர் மேசையில் வைத்துவிட்டு வந்தேன்.

மறுநாள் அது சரியான இடத்தில் ஒட்டியிருந்தது. வகுப்பில் முழங்கிக்கொண்டிருந்தார். வாலெலும்புகள் எல்லாம் சேர்ந்து ஒரே எலும்பாகிவிட்டதாம். அவர்தான் உற்றுப் பார்த்துக் கண்டுபிடித்தாராம். வாசலில் நின்ற என்னையும் பார்த்தார், நிறுத்தவில்லை.

வெட்கப்பட வேண்டியவர் அவர். தலையைக் குனிந்துகொண்டு போனது நான். ஏன் குனிந்தேன் என்று இன்றைக்கும் விளங்கவில்லை.