ஆமாங்க கடையில் வெந்த முட்டை

தெருமுனை சலூன்காரருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருந்திருக்கும். தெரு வைத்த பெயர் ‘ஆமாங்க’. கையில் கத்தி இருக்கும்போது வாதாடக் கூடாது என்பது தொழில் பழகிய நாளில் அவர் கற்ற முதல் பாடம். பூமி தட்டை என்று ஒருவர் கன்னத்தைக் காட்டினால், "ஆமாங்க." அடுத்து வந்தவர் உருண்டை என்றாலும், "ஆமாங்க." அவர் தலையாட்டுவதைப் பார்த்துப் பார்த்து எதிர்ச்சுவர்க் கண்ணாடியும் சேர்ந்து ஆடப் பழகிவிட்டது. நம்பாதவர்கள் கண்ணாடி மாட்டிய, தேய்ந்துபோன ஆணியைப் போய்ப் பார்க்கலாம்.

அவர் மனைவிக்குக் குடலில் ஆபரேஷன் நடந்தது. வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் சொன்னது இவ்வளவுதான்: "பிடிச்சதைக் கொடுங்க. கொஞ்சம் கொஞ்சமா, அடிக்கடி. உடம்பு மட்டும் இளைக்கக் கூடாது."

ஆமாங்கவுக்கு அது ஏமாற்றமாக இருந்தது. இத்தனை பெரிய நோய்க்கு இத்தனை சின்னப் பேச்சா? அவள் பிழைத்தெழ வேண்டுமே என்ற பயத்தில், நாற்காலியில் உட்கார்ந்தவர்களிடமெல்லாம் விசாரித்தார். ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது. இவரோ திறந்தே விட்டார்.

வங்கிக்காரர் பாலை நிறுத்தச் சொன்னார். உடற்பயிற்சிக்கூடம் நடத்துபவர் சோறும் ரொட்டியும் விஷம் என்றார். மருந்துக்கடைக்காரர் உப்பைத் தள்ளிவைத்தார். போனில் வீடியோ பார்த்தபடியே சவரம் செய்துகொண்டவர் பழத்தையும் விட்டுவைக்கவில்லை. ஒவ்வொருவருக்கும் ஓர் "ஆமாங்க". ஒவ்வொரு "ஆமாங்க"வும் வீடு வந்து ஒரு டப்பாவைப் பரணில் ஏற்றியது. கடைசியில் அடுப்படியில் மிஞ்சியது உப்பில்லாமல் வெந்த காயும் வெந்நீரும்.

"ஒரே ஒரு முட்டை அவிச்சுத் தாங்களேன். உப்பு தூவி," என்றாள் மனைவி.

"மஞ்சக்கரு ஆகாதாம்மா. மாரடைப்பு வருமாம்."

"யாரு சொன்னா?"

"விவரம் தெரிஞ்சவருதான். மீசைக்குச் சாயம் போட வந்தாரு."

"தன் மீசைக்கே பொய் சொல்ற மனுஷன் பேச்சை நம்புறீங்க. என் பசியை நம்ப மாட்டீங்களா?"

அவள் வளையல் முழங்கையைத் தாண்டித் தோளுக்கே குடிபோயிற்று. தலைமுடி கொத்துக் கொத்தாக உதிர்ந்தது. மிச்சத்தை ஒட்ட வெட்டிவிடலாம் என்று, கடை விடுமுறை நாளில் கைத்தாங்கலாக அழைத்துவந்து நாற்காலியில் உட்காரவைத்தார். துணியைப் போர்த்திவிட்டுச் சீப்பை வைத்தவர் அப்படியே நின்றுவிட்டார். ஊர்த் தலையெல்லாம் தொட்ட கை அது. இந்தத் தலையில் தோலுக்கும் எலும்புக்கும் நடுவே ஒன்றுமே இல்லை.

கண்ணாடியில் அவரைப் பார்த்தபடி அவள் சொன்னாள்: "இப்ப நானும் உங்க நாற்காலியில உக்காந்துட்டேன். கேட்டுக்குங்க. முட்டை நல்லது."

பழக்கதோஷம். "ஆமாங்க" என்றது வாய்.

அவள் சிரித்த சிரிப்பில் போர்த்திய துணி நழுவி விழுந்தது. சவரத் தண்ணீர் காய்ச்சும் அடுப்பிலேயே முட்டை வெந்தது. முட்டை வாங்கிய பக்கத்து டீக்கடையிலேயே உப்பும் கேட்டு வாங்கிவந்தார். பாதி தின்றாள், அதற்கு மேல் வயிறு ஏற்கவில்லை.

"மீதியை நீங்க தின்னுங்க. மாரடைப்பு வந்தா ரெண்டு பேருமா போவோம்."

பரணிலிருந்து டப்பாக்கள் இறங்கின. பாலில் நனைத்த ரொட்டி, வாழைப்பழம், உப்புப் போட்ட சோறு என்று கேட்டதெல்லாம் கொடுத்தார். கொஞ்சம் கொஞ்சமாக, அடிக்கடி. கன்னத்தில் லேசாகச் சதை பிடிப்பதுபோல்கூட இருந்தது. அதற்குள் மழை வந்தது, மழையோடு காய்ச்சல் வந்தது. தெருவில் எல்லோருக்கும் வந்து போன காய்ச்சல்தான். அவளிடம் வந்தது மட்டும் தனியாகப் போகவில்லை.

"தாங்கறதுக்கு உடம்புல ஒண்ணுமே இல்லையேங்க," என்றார் அதே டாக்டர்.

மறுபடி கடை திறந்த அன்று மீசைக்காரர் வந்து உட்கார்ந்தார். துக்கம் விசாரித்தார். கன்னத்தில் நுரை தடவி முடிந்ததும் மெல்ல ஆரம்பித்தார்: "முட்டை கொடுத்தீங்களாமே? நான்தான் அப்பவே படிச்சுப் படிச்சுச் சொன்னேன். அங்கதான் தப்புப் பண்ணிட்டீங்க."

சலூன்காரர் கத்தியைத் துடைத்தார். மடக்கி மேசைமேல் வைத்தார்.

"இல்லைங்க," என்றார்.