கடைசியாக உள்ளே வந்தவர்

எங்கள் வீட்டில் எல்லாவற்றுக்கும் ஒரே பாஸ்வேர்டு. கேஸ், கரண்ட் பில், ரயில் டிக்கெட், எதுவானாலும் அதுதான். மூன்று நான்கு வருடத்துக்கு ஒருமுறை மூட்டை கட்டுகிற மத்திய அரசு ஊழியர் குடும்பத்தில் இப்படித்தான் முடியும். ஒரு பச்சை ஃபைலில் எல்லாக் காகிதமும் இருக்கும். அதன் உள்அட்டையில் என் கணவரின் கையெழுத்தில் அந்தப் பாஸ்வேர்டும் இருக்கும். நாக்பூர், விசாகப்பட்டினம், இப்போது கல்கத்தா என்று எங்களோடு சுற்றிய ஃபைல் அது. திருடுவதற்குத் தோதான ஏற்பாடு என்று எனக்குத் தோன்றியதே இல்லை. திருடி நானாகவே இருப்பேன் என்றும் நினைக்கவில்லை.

மகள் பன்னிரண்டாவது முடித்து, நுழைவுத் தேர்வும் எழுதிவிட்டு, கல்லூரி இடத்துக்காகக் காத்திருந்த மாதம். கவுன்சலிங் வெப்சைட்டில் எந்தக் கல்லூரி முதலில், எது அடுத்தது என்று விருப்பப் பட்டியல் போட வேண்டும். கடைசி நாள் மாலை ஐந்து மணி வரை மாற்றலாம், பிறகு பூட்டிவிடுவார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை மூவரும் உட்கார்ந்து போட்டோம். தமிழ்நாட்டுக் கல்லூரி முதலில், கல்கத்தாக் கல்லூரி இரண்டாவது. இவள் ரேங்குக்கு இரண்டுமே கிடைக்கும் என்று கணவர் கணக்குப் போட்டுச் சொன்னார். அப்படியென்றால் எது மேலே இருக்கிறதோ அதுதான். மகள் எங்களைவிட்டுப் போவாளா, இருப்பாளா என்பது அந்த முதல் வரியில் இருந்தது. அவளோ கொட்டாவி விட்டபடி, “எது கிடைச்சாலும் எனக்கு ஓகேம்மா” என்றாள்.

மறுநாள் காலை கணவர் ஆபீஸ் போனதும், அவள் குளிக்கப் போன நேரத்தில், நான் கம்ப்யூட்டரைத் திறந்து கல்கத்தாவை மேலே ஏற்றினேன். காரணம் ஆயிரம் சொல்லலாம். அவளுக்குப் பனிக்காலத்தில் மூச்சு இழுக்கும், ஹாஸ்டல் சாப்பாடு ஒத்துக்கொள்ளாது, தலைகூடப் பின்னத் தெரியாது. எல்லாம் சப்பைக்கட்டு. அவள் இல்லாத வீட்டில் நான் என்ன செய்வேன் என்று எனக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

செவ்வாய்க்கிழமை காலை சும்மா திறந்து பார்த்தேன். தமிழ்நாட்டுக் கல்லூரி மறுபடி மேலே இருந்தது. திரையின் மூலையில் சின்ன எழுத்தில், கடைசியாக உள்ளே வந்தது நேற்று மதியம் மூன்று பத்துக்கு என்று போட்டிருந்தது. நான் வந்தது காலை பத்துக்கு.

யாரிடம் கேட்பது? கேட்டால் என் குட்டு வெளிப்பட்டுவிடும். வாயை மூடிக்கொண்டு திரும்பவும் மாற்றி வைத்தேன். புதன்கிழமை காலை கல்கத்தா பழையபடி இறங்கியிருந்தது. அதே மூன்று பத்து.

சால்ட் லேக்கில் எங்கள் குவார்ட்டர்ஸ் பழைய கட்டடம். பாதி வீடுகள் காலி. எதிர்வீட்டுக்காரர்கள் மாற்றலாகிப் போய் ஒரு வருடமாக அந்தக் கதவில் அரசாங்க முத்திரை தொங்குகிறது. மழை பிடித்துவிட்டால் மதிய நேரத்தில் மாடிப்படியில் ஒரு காலடிகூடக் கேட்காது. ஏ.சி. இருக்கிற ஒரே அறையில் நானும் மகளும் படுப்போம். கம்ப்யூட்டர் ஹாலில், துணி போர்த்திக் கிடக்கும்.

ஒருநாள் மதியம் தூங்காமல் விழித்திருந்தேன். மூன்று பத்துக்கு எழுந்து ஹாலுக்குப் போனேன். போர்த்திய துணி போர்த்தியபடி இருந்தது, சுவரில் சுவிட்சு அணைந்திருந்தது. திரும்பி வந்தால் மகள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துச் சீராக மூச்சு விட்டுக்கொண்டிருந்தாள். மறுநாள் காலை பார்த்தேன். மூன்று பதினொன்று.

அடுத்துக் கணவர்மேல் சந்தேகம். ஒரு மதியம் மூன்று மணிக்கு அவருக்குப் போன் போட்டு, லேக் மார்க்கெட்டில் காப்பிப்பொடி வாங்கி வரச் சொல்லி, எந்தக் கடை, எவ்வளவு சிக்கரி என்று மூன்றரை வரை இழுத்தேன். “இன்னிக்கு என்ன ஆச்சு உனக்கு?” என்று எரிச்சல்பட்டார். மறுநாள் பார்த்தால் கல்கத்தா இறங்கித்தான் இருந்தது, அதே மூன்று பத்துக்கு. நாங்கள் மூவரும் போக இந்த வீட்டில் இன்னொருவர் இருப்பதாகத் தோன்ற ஆரம்பித்தது அன்றுதான்.

அதற்கேற்றாற்போல் சாமான்கள் காணாமல் போயின. முதலில் கொடியிலிருந்து எட்டு துணிக் கிளிப்புகள். பிறகு ஆணியில் மாட்டியிருந்த சின்னப் பூட்டு. ஒரு எவர்சில்வர் டம்ளர். கடைசியில் என்னுடைய பழைய அரக்குச் சால்வை. மாடியில் இருக்கும் வங்காளி அம்மாவை நாங்கள் எல்லோரும் பௌதி, அதாவது அண்ணி, என்றுதான் கூப்பிடுவோம். அவளிடம் சாமான் விஷயத்தை மட்டும் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. நம் ஊரில் உச்சிவேளை ஆகாது என்பதுபோல இங்கேயும் மதிய நேரத்துக்குப் பயப்படுவார்கள். “மதியானத்துல நடமாடுறது வெறுங்கையோட போகாது. வீட்டை விட்டுக் கிளம்பப் போறவங்க பொருளாப் பார்த்து எடுக்கும்” என்று இந்தியும் வங்காளமுமாகச் சொன்னாள். இதையெல்லாம் கேலி பேசிய வாய்தான் என்னுடையது. மறுநாள் மூன்று மணிக்கு ஹாலில் ஊதுபத்தி ஏற்றினேன். பட்டியலை மட்டும் விடவில்லை. காலையில் ஏற்றினேன், மதியம் அது இறங்கியது.

பட்டியலைப் பூட்டுவதற்கு முந்தின நாள் தெருவில் முழங்கால் தண்ணீர். வேலைக்காரி வரவில்லை. நானே பெருக்கினேன். மகள் கட்டிலுக்கு அடியில் துடைப்பம் எதிலோ இடித்தது. குனிந்து இழுத்தேன். அவளுடைய சிவப்புப் பயணப் பை. உள்ளே எட்டு கிளிப்புகள், பூட்டு, டம்ளர். எல்லாவற்றுக்கும் அடியில் என் சால்வை. பக்கத்தில் ஒரு தாள். அவள் கையெழுத்தில், பக்கெட் அங்கே வாங்கணும், மூச்சு மருந்து ரெண்டு, கொடிக் கயிறு என்று எழுதியிருந்தாள்.

தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். மூன்று பத்துக்கு வந்தது யார் என்று புரிந்தது. என் பக்கத்தில், கை நீட்டினால் தொடும் தூரத்தில், சுவர்ப் பக்கம் திரும்பி மொபைலை மறைத்துக்கொண்டு அவள்தான் மாற்றியிருக்கிறாள். முதலில் கோபம்தான் வந்தது. எத்தனை அழுத்தம் என்று பல்லைக் கடித்தேன். அந்த மூச்சைக்கூட அவள் நடித்திருக்கிறாள். பிறகு சால்வையை எடுத்தேன். அதை மடித்திருந்த விதம் நான் மடிக்கிற விதம். பயம் போகவில்லை, இடம்தான் மாறியது. பெற்று வளர்த்த பெண்ணை எனக்குத் தெரியவில்லையே என்று பயந்தேன். எல்லாவற்றையும் இருந்தபடியே வைத்துப் பையை உள்ளே தள்ளினேன்.

கடைசி நாள் காலை பத்து மணிக்குத் திறந்தேன். தமிழ்நாடு மேலே இருந்தது. மவுஸில் கை வைத்தேன், எடுத்துவிட்டேன். போகட்டும். குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். அன்று மதியம் நான் நிஜமாகவே தூங்கினேன்.

சில நாள் கழித்து முடிவு வந்தது. மூவரும் திரையின் முன் நின்றோம். கல்கத்தாக் கல்லூரி. முதல் விருப்பம் என்று போட்டிருந்தது. முதல் விருப்பமே கிடைத்துவிட்டால் அடுத்த சுற்றில் மாறுவதற்கு வழி இல்லை.

“இதை ரெண்டாவதால்ல போட்டோம்?” என்று கணவர் எங்களை மாறி மாறிப் பார்த்தார். வெப்சைட் கோளாறு என்று புகார் எழுத உட்கார்ந்தவரை நாங்கள் இருவரும் சேர்ந்து தடுத்தோம். பிறகு அவளைச் சமையலறைக்குள் இழுத்தேன்.

“ஏண்டி மாத்தின?”

“கடைசி நாள் காலைல நீ உள்ள வந்திருக்க. ஆனா எதையும் தொடலை.”

“நீ போகட்டும்னுதான் விட்டேன்.”

“எனக்கு எப்படித் தெரியும்? தினமும் மல்லுக்கட்டிட்டு ஒருநாள் அப்படியே விட்டுட்டா? பயந்துட்டேம்மா. நான் போனா உனக்கு ஏதாவது ஆயிடும்னு தோணிச்சு. நாலே முக்காலுக்கு மாத்தினேன்.”

“என்னை எழுப்பிக் கேட்டிருக்கலாம்ல?”

“நீ என்னைக் கேட்டியா?” என்றாள்.

கும்பிட்டு வேண்டிக்கொண்டது கிடைத்துவிட்டது. பௌதி சந்தேஷ் இனிப்பு கொண்டுவந்து, பெண் வீட்டிலேயே இருக்கிறாள், கொடுத்துவைத்தவள் நீ என்றாள்.

அதன் பிறகு சாமான்கள் திரும்பி வந்தன. ஒருநாள் கொடியில் எட்டு கிளிப்புகள் இருந்தன. இன்னொரு நாள் ஆணியில் பூட்டு தொங்கியது. டம்ளர் அலமாரிக்கு வந்துவிட்டது. அவள் கொண்டுவந்து வைத்ததை ஒருமுறையும் நான் பார்க்கவில்லை. சால்வை மட்டும் வரவில்லை.

இப்போது அவள் காலையில் பஸ் பிடித்துக் கல்லூரிக்குப் போய்ச் சாயங்காலம் வருகிறாள். கேட்டால் நன்றாகத்தான் இருக்கிறது என்கிறாள், எது கிடைச்சாலும் ஓகேம்மா என்று சொன்ன அதே குரலில். மதியத்தில் நான் தனியாக இருக்கிறேன். மூன்று மணி வாக்கில் துடைப்பத்தை எடுத்து அவள் கட்டிலுக்கு அடியில் மெல்லத் தள்ளிப் பார்க்கிறேன். பையில் இடிக்கிறது. நான் அதை இழுப்பதில்லை.